பாட்டியின் பாஷை

பாட்டி அடுப்படியில் நிற்கிறாள்; பேத்தி வாசற்படியில். இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியந்தான். ஆனால் பேசிக் கொள்ள ஒரு பாஷை இல்லை! பாட்டிக்கு இங்கிலீஷ் வராது. பேத்திக்கு இத்தாலியன் தெரியாது.

இது கதையல்ல, நேயர்களே. ஹெலன் பரோலினி என்ற அமெரிக்க எழுத்தாளரின் குழந்தைப் பருவம். 1925-ல் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த ஸிரக்யூஸ் நகரில் பிறந்தவர். தாத்தா பாட்டிமார் தெற்கு இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

பெற்றோர் ஏன் கற்றுத் தரவில்லை என்கிறீர்களா? அவர்களைக் கோபித்துக் கொள்ள எனக்கென்னவோ மனம் வரவில்லை. குழந்தைகளாவது அமெரிக்கர்களாகத் தலை நிமிர்ந்து வாழட்டுமே என்ற எண்ணம். போதாக்குறைக்கு 1941-ல் இத்தாலி எதிரி நாடாகிவிட்டது. எதிரியின் பாஷையைப் பேசாதே என்று சுவரொட்டிகள் வேறு! அந்த நாளில் எந்தத் தாய் துணிந்து சொல்லிக் கொடுப்பாள்?

யுத்தம் ஓய்ந்தது. பாட்டி விட்டு வந்த தேசத்துக்கு 1948-ல் பேத்தி புறப்பட்டார். அங்கே பாஷையும் வந்தது, மாப்பிள்ளையும் கிடைத்தார்! கவிஞர் அன்டோனியோ பரோலினி. அவர் இத்தாலியனில் எழுதிய கதைகளை ஹெலன் இங்கிலீஷில் பெயர்த்தார்; ‘நியூயார்க்கர்’ பத்திரிகை அவற்றை வெளியிட்டது.

சரி, ஹெலனின் சொந்த நாவல்? கணவர் எழுத்தைப் பெயர்த்து, மூன்று பெண்களை வளர்த்து, 1971-ல் கணவரையும் இழந்து, கடைசியில் 1979-ல்தான் அது வெளிவந்தது. (இந்தக் கணக்கு நம் சகோதரிகளுக்கு விளங்காததா என்ன!) 1985-ல், தம்மைப் போன்ற இத்தாலிய வம்சத்துப் பெண்களின் எழுத்துக்களைத் திரட்டி ஒரு தொகுப்பும் கொண்டுவந்தார். 2023-ல் தமது 97-வது வயதில் காலமானார்.

நாவலின் பெயர் ‘உம்பர்டினா’. ஆடு மேய்த்த, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிராமத்துப் பெண் அமெரிக்காவுக்கு வந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறாள். ஊரிலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே அழகான பொருள், கைத்தறியில் நெய்த கல்யாணப் படுக்கை விரிப்பு. நியூயார்க்கில் கஷ்டப்பட்ட காலத்தில் அதை விற்றுவிடுகிறாள்.

வருஷங்கள் ஓடுகின்றன. உம்பர்டினாவின் கொள்ளுப் பேத்தி டீனா. நான் எந்த நாட்டுக்காரி என்று இரண்டு தேசங்களுக்கு நடுவே தவிக்கிற பெண். குடியேறி வந்தவர்களைப் பற்றிய மியூசியம் ஒன்றைப் பார்க்கப் போகிறாள். அங்கே அந்த விரிப்பு காட்சிக்கு இருக்கிறது! என்ன வேலைப்பாடு என்று வியந்து பார்க்கிறாள். தன் குடும்பத்தில் இப்படி ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறாள். இது உன் கொள்ளுப் பாட்டியுடையதடி என்று சொல்ல அங்கே யாருமில்லை.

டீனா நகர்ந்து விடுகிறாள்.