யானைப்பாகன் மகனும் பெரியபாளையத்துத் தம்பியும்

 

சென்ற மாதம் ஒரு நிக்காஹ் வைபவத்திற்காகப் பெரியபாளையம் சென்றிருந்தேன். ஆரணியாற்றங்கரையில் அமைந்த அவ்வூரை வெளியூரார் ஆடி மாதத்துப் பவானியம்மன் திருவிழாவைக் கொண்டே அறிவர். அங்கும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் பல குடும்பங்களின் அடுப்பு எரிவதோ கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை நம்பித்தான். அதிகாலையில் கம்பெனி வண்டியேறிப் போய், இரவு திரும்பும் மனிதர்களின் ஊர் அது.

விருந்து முடிந்து கைகழுவி நின்ற வேளையில், அத்தகைய தொழிலாளி ஒருவர் என் கையைப் பற்றி ஓரமாக அழைத்துச் சென்றார். இருபத்திரண்டு ஆண்டுகளாக இரும்பாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். "பாய், என் மகனிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

விஷயம் இதுதான். மகனுக்கு வயது 19. டிப்ளமோ முடித்திருக்கிறான். பள்ளி நாட்களிலேயே மேடை நாடகங்களில் நடித்தவன். இப்போது கைப்பேசியில் சிறு சிறு காட்சிகளை நடித்துப் பதிவிடுகிறான், பலர் பார்க்கிறார்கள். அதைப் பார்த்ததாகச் சொல்லி ஒருவர் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். மலேசியாவில் தமிழ்த் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நடிக்க வாய்ப்பாம். செலவு மூன்றரை லட்சமாம். அதில் ஒரு லட்சத்தைப் பத்து நாளுக்குள் முன்பணமாகக் கட்டவேண்டுமாம். "விசா பற்றிக் கவலை வேண்டாம், முதலில் சுற்றுலாப் பயணியாக வந்துவிடு, மற்றதை இங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றும் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருப்பதோ தாயாரின் ஆறு சவரன் வளையல் மட்டுமே.

அவர்கள் இல்லத்திற்குச் சென்றேன். பையன் ஸலாம் சொல்லி மரியாதையாக எதிரே அமர்ந்தான். நான் வாய் திறக்குமுன் அவனே கேட்டான்: "மாமா, மச்சான் ஷார்ஜாவுக்குப் போனபோது இதே வளையலைத்தான் அடகு வைத்தார்கள். அங்கே என்ன வேலை, யார் முதலாளி என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் நடிக்கப் போகிறேன் என்றதும் வீடே இழவு வீடாகிவிட்டது. ஏன்?"

வாசகர்களே, உண்மையைச் சொல்கிறேன். அக்கேள்விக்கு உடனே மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆகவே அறிவுரை கூறுவதை விடுத்து, அவனைப் போலவே நடிப்பதற்காகக் கடல் கடந்த ஒரு முஸ்லிம் சிறுவனின் வரலாற்றைக் கூறினேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

மைசூர் அரசைச் சேர்ந்த காராப்பூரில் 1924ஆம் ஆண்டு பிறந்தவன் சாபு. தந்தை யானைப்பாகர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த சாபு, மன்னரின் யானைக் கொட்டாரத்தில் எடுபிடியாக வளர்ந்தான். 1930களின் நடுவில், யானைகளைப் பற்றிய படம் ஒன்றை எடுப்பதற்காக ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி என்ற இயக்குநர் மைசூர் வந்தார். படத்தைத் தயாரித்தவர் லண்டனில் புகழ்பெற்றிருந்த அலெக்சாண்டர் கோர்டா. யானை மீது அச்சமின்றி ஏறி அமர்ந்த அந்த அனாதைச் சிறுவனையே கதாநாயகனாகத் தேர்ந்தெடுத்தார்கள். எஞ்சிய காட்சிகளை எடுக்க அவனை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்கள். காப்பாளராக அவனுடைய தமையனும் உடன் சென்றார். 1937இல் 'எலிஃபண்ட் பாய்' வெளிவந்தது. பதின்மூன்று வயதில் சாபு உலகறிந்த நடிகனானான்.

அடுத்து 1938இல் 'தி டிரம்', 1940இல் 'பாக்தாத் திருடன்', 1942இல் 'ஜங்கிள் புக்' என்று படங்கள் தொடர்ந்தன. உலகப் போரின் காரணமாகப் பாக்தாத் திருடனின் படப்பிடிப்பு அமெரிக்காவுக்கு மாற்றப்பட்டது. சாபுவும் அங்கேயே தங்கிவிட்டார். 1944இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அந்நாட்டு இராணுவ விமானப்படையில் துப்பாக்கி வீரராகப் பசிபிக் போர்முனையில் பறந்து, வீரப்பதக்கமும் பெற்றார்.

இதுவரை கேட்ட தம்பியின் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா மாமா!" என்றான். "பொறு தம்பி, கதை இன்னும் முடியவில்லை" என்றேன்.

சாபுவுக்குக் கிடைத்த வேடங்கள் யாவை? யானைப் பையன், காட்டுப் பையன், தலைப்பாகை கட்டிய கீழ்நாட்டு இளவரசன். வயது ஏறியது, வேடம் ஏறவில்லை. 'தி டிரம்' படத்தில் எல்லைப்புறத்து முஸ்லிம் இளவரசனாக வந்து, ஆங்கிலேயருக்குத் துணைநிற்கும் பாத்திரம் அவருக்கு. ஏகாதிபத்தியத்தைப் போற்றி நம்மவரை இழிவுபடுத்துகிறது என்று அப்படத்திற்கு எதிராகப் பம்பாயில் கிளர்ச்சி எழுந்தது. சென்னையிலும் எதிர்ப்பு இருந்தது. எழுதியவர் வேறு, எடுத்தவர் வேறு. ஆனால் திரையில் தெரிந்த முகம் பதினான்கு வயதுச் சாபுவினுடையது. தன் மக்களைப் புண்படுத்தும் கதையில் தான் நிற்கிறோம் என்பதை உணரும் வயதா அது? உணர்ந்தாலும் மறுக்கும் வலிமை அவனுக்கு இருந்திருக்குமா?

போருக்குப் பின் வாய்ப்புகள் சுருங்கின. 1952இல் லண்டன் சர்க்கஸ் ஒன்றில் யானைகளோடு அவர் தோன்றினார். கொட்டாரத்தை விட்டுப் புறப்பட்டு உலகைச் சுற்றியவர் மீண்டும் யானையின் பக்கத்திலேயே வந்து நின்றார்!

அதைவிட என் நெஞ்சைத் தொட்டது பின்னர் நிகழ்ந்தது. மெஹபூப் கான் தமது 'மதர் இந்தியா' படத்தில் பிர்ஜு என்னும் மகன் பாத்திரத்திற்கு முதலில் சாபுவைத்தான் எண்ணினார். சாபுவும் பம்பாய் வந்து காத்திருந்தார். படப்பிடிப்பு தாமதமாயிற்று. அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட அவருக்கு வேலை அனுமதியும் கிடைத்தபாடில்லை. பிறந்த மண்ணிலேயே அவர் அயலாராகி நின்றார். வேடம் சுனில் தத்துக்குப் போயிற்று. 1957இல் வெளிவந்து அது பெரும்புகழ் பெற்றது. சாபுவோ ஓர் இந்தியப் படத்திலும் நடிக்காமலேயே மறைந்தார். சிறு வயதில் காப்பாளராக உடன் சென்ற அந்தத் தமையன் 1960இல் அமெரிக்காவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1963 டிசம்பர் 2ஆம் நாள் மாரடைப்பால் சாபுவும் மாண்டார். அப்போது அவருக்கு வயது 39. மனைவியும் இரு பிள்ளைகளும் இருந்தனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

தம்பி வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "அப்படியென்றால் போகக்கூடாது என்கிறீர்களா?" என்று கேட்டான்.

இல்லை, நான் அவ்வாறு கூறவில்லை. சாபுவின் வாழ்வு தோல்வி என்று சொல்ல நாம் யார்? கொட்டாரத்து அனாதைக்கு அல்லாஹ் ஒரு வாசலைத் திறந்தான். அவர் துணிவோடு நுழைந்தார். ஆனால் அவ்வரலாறு நம் பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகளைக் கற்றுத் தருகிறது.

முதல் கேள்வி: அழைப்பவர் யார்? எந்தக் காகிதத்தின் பேரில் அழைக்கிறார்? சாபு தன்னை அழைத்தவருக்குப் பணம் கொடுத்துப் போகவில்லை. படம் எடுத்த நிறுவனமே தன் செலவில் அழைத்துச் சென்றது. நடிகனுக்குத் தயாரிப்பாளர் ஊதியம் தருவதே இத்தொழிலின் வழக்கம். நடிகன் பணம் கட்டவேண்டும் என்றால் அங்கே விற்கப்படுவது வேடமன்று, அவனுடைய ஆசை.

மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியரை விசா இன்றி 30 நாள் வரை தங்க அனுமதிக்கத் தொடங்கியது. அது சுற்றிப் பார்க்க வருவோர்க்கான சலுகை. ஊதியத்திற்கு உழைப்பதற்கான உரிமை ஆகாது. அயல்நாட்டுக் கலைஞர் அங்கே நடிக்கவேண்டுமானால் 'புஸ்பால்' என்னும் அரசுக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது அந்நாட்டு நிறுவனம். உண்மையான நிறுவனம் என்றால் அந்த விண்ணப்பத்தின் நகலையும், ஒப்பந்தத்தையும் காட்டத் தயங்காது. "வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்" என்ற சொல்லை நம்பிப் போனவர், மாட்டிக்கொண்டால் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. ஏமாற்றியவனோ தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு மறைந்துவிடுவான்.

2022இல் நிகழ்ந்ததை மறந்துவிடலாகாது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிறைப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். அவர்களும் சுற்றுலா விசாவில் போனவர்களே. வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிடமும் விசாரிக்கலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது தவக்கல் வைக்கச் சொன்னவர்கள் அல்லவா நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்!

இரண்டாம் கேள்வி: என்ன வேடம்? நடிப்புத் தொழிலின் மார்க்கச் சட்டத்தை நான் எழுதப் புகவில்லை; அது ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டியது. அவ்வாறு கேட்கும்படி தம்பியிடமும் சொன்னேன். ஆனால் எத்தொழிலிலும் "இதை நான் செய்யமாட்டேன்" என்று சொல்ல ஓர் எல்லைக்கோடு வேண்டும். கடன்பட்டுப் போனவனால் அதைச் சொல்ல முடியாது. அடகுக்கடையில் வட்டி ஏறிக்கொண்டிருக்க, அயல்நாட்டில் தனியே நிற்கும் 19 வயதுப் பிள்ளை எந்த வேடத்தை மறுப்பான்? எந்த வேளைத் தொழுகைக்கு அனுமதி கேட்பான்?

மூன்றாம் கேள்வி: கதவு மூடினால் கையில் என்ன இருக்கும்? புதுச்சேரியில் தொடங்கும் கதையான 'லைஃப் ஆஃப் பை' 2012இல் வெளிவந்தது. அதற்காக ஏறத்தாழ 3,000 பேரிலிருந்து தேர்வானவர் சூரஜ் சர்மா என்ற டெல்லி மாணவர். அப்போது வயது 17. தைவான் சென்று நடித்தார். உலகப் புகழ் கிடைத்தது. ஆயினும் அவர் படிப்பை விட்டுவிடவில்லை. டெல்லி திரும்பிக் கல்லூரியில் பயின்றார். அதே படத்தில் நடித்த இர்ஃபான் கான் ராஜஸ்தானின் முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1984இல் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் சேர்ந்து முறையாகக் கற்றார். பல ஆண்டுகள் சிறு வேடங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் உழைத்தார். 2001இல் 'தி வாரியர்' என்ற பிரிட்டிஷ் படம் அவரை வெளிநாட்டார் அறியச் செய்தது. 2020இல் அவர் மறைந்தபோது பல நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. வெளிநாடு அவரைத் தேடி வந்தது. அதற்குமுன் அவர் தொழிலைத் தேடிப் பிடித்திருந்தார்.

"சென்னையில் கூத்துப்பட்டறை 1977இலிருந்து இயங்கிய வரலாறு உனக்குத் தெரியுமா? புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கலாம் என்பது தெரியுமா?" என்று தம்பியிடம் கேட்டேன். தெரியாது என்றான். இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சென்னையை விட்டுவிட்டு, யாரென்றே அறியாத ஒருவரின் குரலை நம்பிக் கடல் தாண்டத் துணிந்திருந்தான் பிள்ளை. அதற்கு அவன் மட்டுமா பொறுப்பு?

இங்கே பெற்றோர்களுக்கும் ஒரு சொல். அவன் கேட்ட கேள்விக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும். மருமகன் வளைகுடாவுக்குப் போகும்போது ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தோமா? இல்லை. பழகிய ஆசை என்பதால் கண்ணை மூடிக்கொண்டோம். மகனின் ஆசை பழகாதது என்பதால் காதை மூடிக்கொண்டோம். இரண்டுமே தவறுதான். திட்டி வாயடைத்தால் பிள்ளை ஆசையை விடமாட்டான். நம்மிடம் சொல்வதை விட்டுவிடுவான். சொல்லாமல் ஓடிப்போனபின் அழுது பயனென்ன? குடும்பத்தில் மஷூரா செய்வது நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கம். அம்மஷூராவில் பிள்ளைக்கும் ஓர் இடம் உண்டு.

புறப்படுமுன், என் முன்னிலையிலேயே அந்த மனிதருக்குத் தொலைபேசி செய்யச் சொன்னேன். தம்பி பணிவாகவே கேட்டான்: "நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தமும், அனுமதி விண்ணப்பத்தின் நகலும் அனுப்புங்கள். அத்தா பார்த்துவிட்டுப் பணம் கட்டுவார்கள்." மறுமுனையில் இருந்தவர், அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

இதை எழுதும் நாள் வரை எந்தக் காகிதமும் வரவில்லை. பத்து நாள் கெடுவும் கழிந்துவிட்டது. தாயாரின் வளையல் பீரோவிலேயே இருக்கிறது. தம்பி இப்போது தொழிற்பேட்டையில் ஒரு தற்காலிக வேலையில் சேர்ந்திருக்கிறான். சென்ற ஞாயிறன்று, அத்தாவை உடன் அழைத்துக்கொண்டு சென்னையில் ஒரு நாடகம் பார்த்துவிட்டு வந்தானாம். வாழ்நாளில் முதன்முதலாக நாடகம் பார்த்த அந்தத் தொழிலாளி என்னிடம் தொலைபேசியில் சொன்னது இது: "பாய், அந்தப் பையன்கள் வியர்க்க வியர்க்க உழைக்கிறார்கள். இதுவும் ஒரு வேலைதான் போலிருக்கிறது."

அப்பிள்ளைக்கு எது நன்மையோ அதை அல்லாஹ் எளிதாக்குவானாக. அவனுக்காகவும், அவனைப் போன்ற கனவுகளோடு நம் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள். அவர்களோடு அமர்ந்து பேசவும் செய்யுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.