ஒன்பது சரி, அந்த ஒன்று எங்கே?

தேர்தல் நேரத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: “அக்கா, இந்த வேட்பாளர் சொல்ற பத்து விஷயத்துல ஒன்பது நமக்குச் சரி. உதவித்தொகை, விடுதி, வேலைவாய்ப்பு எல்லாம் சொல்றார். ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம்னா மட்டும் வாயே திறக்கல. ஒன்பது போதாதா?”

தோழர்களே, இது மதிப்பெண் பட்டியல் இல்லை. கொள்கைகளை எண்ணக் கூடாது, எடைபோட வேண்டும்.

விடுதிக்குப் புதுக் கட்டடம் என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதைச் சொல்வதில் வேட்பாளருக்கு இழப்பு எதுவும் இல்லை. தனிச்சட்டம் என்றால் சாதிச் சங்கங்கள் கோபப்படும். அவர் யாருக்குப் பயப்படுகிறார் என்பது அந்த ஒன்றில்தான் தெரிகிறது.

“கொலைக்குத்தான் ஏற்கெனவே தண்டனை இருக்கிறதே” என்பார்கள் கட்சிக்காரர்கள். கொலை நடந்த பிறகு வழக்குப் போட அது போதும். அதற்கு முன்பு அந்தப் பெண்ணையும் பையனையும் யார் காப்பாற்றுவது? திருமண உரிமையில் தலையிடும் கூட்டங்களைத் தடுக்கச் சட்ட ஆணையம் 2012இலேயே வரைவுச் சட்டம் கொடுத்தது. 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுப்பு, பாதுகாப்பு, தண்டனை என வழிமுறைகளை வகுத்தது. தெரியாமல் யாரும் மௌனமாக இல்லை.

“நம்ம ஆளுதானே தனித்தொகுதியில் நிக்கிறார்” என்பது அடுத்த சமாதானம். தமிழ்நாட்டின் 44 பட்டியல் சாதித் தனித்தொகுதிகளிலும் வேட்பாளர் நம்மவர். வாக்காளர்களில் பெரும்பாலோர் பிறர். 1932 பூனா ஒப்பந்தம் கொண்டுவந்த கூட்டு வாக்காளர் முறை இது. அவருடைய மௌனத்துக்குக் காரணம் புரிகிறது. புரிவதால் மன்னிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நோட்டாவா? நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து வரும் வேட்பாளர்தான் ஜெயிப்பார். எதிரே நிற்பவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையே எடுக்கச் சொல்பவர் என்றால், தயங்காமல் இவருக்கே போடுங்கள். ஆனால் வாக்கோடு சேர்த்து வாயையும் கொடுத்துவிடாதீர்கள். ஆதரிக்கிறோம் என்பதற்காக விமர்சிக்கும் உரிமையை விட்டால், அடுத்த தேர்தலில் அந்த ஒன்பதும் எட்டாகும்.

அந்த மாணவர் தெருமுனைக் கூட்டத்தில் எழுந்து கேட்டார். “தலைமை முடிவு செய்யும் தம்பி” என்று பதில் வந்தது. நாங்கள் அதைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் தொகுதியிலும் கேளுங்கள், எழுதி வையுங்கள். ஜெயித்த பிறகு அந்தத் தாளோடு போய் நிற்போம்.