இலவசமும் சுதந்திரமும்

வீட்டுக் கணினிக்குரிய சிறு செயலிகளை மதிப்பிடுவோர் பலர் விலையின்மையையே முதற்றகுதியாகக் கொள்கின்றனர். இதனை நாம் மறுக்கின்றோம். கணினியைத் துப்புரவாக்கும் ‘சீகிளீனர்’ இலவசமாகவே கிடைத்தது. 2017இல் அதன் 5.33ஆம் பதிப்பினுள் களவாகப் புகுத்தப்பட்ட தீநிரல் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சென்றடைந்தது. மூலநிரல் மூடிக்கிடக்கையில், நம்புவதன்றிப் பயனருக்கு வேறு கதியில்லை. கோப்புகளைச் சுருக்கும் ‘செவன்-சிப்’, தமிழ் எழுத உதவும் ‘இ-கலப்பை’ ஆகியவற்றின் மூலநிரலோ எவரும் வாசிக்கத் திறந்தே கிடக்கின்றது.

ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் மயக்குகின்றது. தமிழில் இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டம் வேண்டியது பின்னதையே. வெருகலிலே பழைய கணினியின் முன் அமரும் மாணவர்க்கு நாம் கற்பிக்கவேண்டிய வினா, ‘விலை என்ன?’ என்பதன்று, ‘சூத்திரக்கயிறு யார் கையில்?’ என்பதே.