விரிந்த மார்பு விலைக்கு வருமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரில் ஆலைகள் பல. வேலை முடிந்ததும் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓடும் வாலிபர்களும் உண்டு. "ஒல்லிப்பிச்சான்" என்ற கேலியைத் தாங்காமல், உடனே மார்பு விரிய வேண்டும் என்று துடிப்பவர்களும் உண்டு. சுமார் 40 கிலோ மீட்டர் தூரத்தில் பெங்களூரு. பணம் கொடுத்தால் அங்கே அதற்கும் ஆபரேஷன் இருக்கிறது. ஆம், ஆண்களுக்குத்தான்!

எப்படிச் செய்கிறார்கள்?

மயக்க மருந்து கொடுத்து, அக்குளில் கீறுகிறார்கள். மார்புத் தசைக்கு அடியில், ரப்பர் போன்ற கெட்டியான சிலிக்கோன் வில்லையைச் செருகித் தைத்துவிடுகிறார்கள்.

யாருக்குத் தேவை?

சிலருக்குப் பிறவியிலேயே ஒரு பக்க மார்புத் தசை இருக்காது. 1841-ல் லண்டனில் ஆல்பிரட் போலண்டு இதைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு இது குறை தீர்க்கும் சிகிச்சை. மற்றவர்களுக்கு? வெறும் தோற்றம்! வில்லை ஒரு படி அரிசியைக்கூடத் தூக்காது.

ஆபத்து என்ன?

சீழ் பிடிக்கலாம். நீர் கோத்துக்கொள்ளலாம். வில்லை இடம் மாறலாம். அப்படியானால் மறுபடியும் ஆபரேஷன்! சில வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது. தினக்கூலி வாங்கும் தொழிலாளியின் வீட்டில் அதுவரை அடுப்பு எரிவது எப்படி?

யாரிடம் போவது?

அழகு ஆபரேஷன் செய்பவர் முறையாகப் பயிற்சி பெற்ற டாக்டராக இருக்க வேண்டும். யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் சொன்னது இது. ஆகவே பணம் கட்டுமுன், பிளாஸ்டிக் சர்ஜரியில் பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள்.

பெற்றோர்களே! மகன் ஒல்லி என்று கேலி செய்யாதீர்கள். தண்டால் எடுத்து வளரும் மார்புக்குக் கத்தி வேண்டாம், காலம்தான் வேண்டும்.