வீட்டுக்கு அனுப்புகிறோம், பள்ளிக்கு அனுப்புகிறோமா?

குழந்தைகள் பிரிவிலிருந்து வீடு திரும்பும் நாளில் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். என்ன உணவு கொடுக்கலாம், எப்போது குளிப்பாட்டலாம், மறுபரிசோதனைக்கு எந்தக் கிழமை வர வேண்டும் என்பார்கள். பிள்ளை மட்டும் வேறொன்று கேட்கும்: "நான் எப்போது பள்ளிக்கூடம் போகலாம்?" இத்தனை ஆண்டுகளாக அதற்கு நாங்கள் சொல்லிவந்த விடை, "உடம்பு தேறட்டும், பார்க்கலாம்" என்பதுதான். அந்த விடை போதாது என்பதை ஓர் ஆசிரியையிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் நான்காம் வகுப்பில் படிக்கிறான். முதல் வகை நீரிழிவு நோய் உள்ளவன். இன்சுலின் ஊசியின்றி வாழ இயலாதவன். நோய் கண்டறியப்பட்டு, ஊசி போடும் முறையைத் தாயும் தந்தையும் நன்றாகக் கற்றுக்கொண்டு வீடு திரும்பினார்கள். பள்ளியில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு நாள் பகல் உணவுக்கு முந்தைய பாடவேளை விளையாட்டு வகுப்பாக அமைந்தது. ஓடி முடித்தவன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். வியர்த்துக் கொட்டியது, கேட்டதற்குக் குழறலாக ஏதோ சொன்னான். வெயில் என்று நினைத்து நிழலிலேயே இருக்கவிட்டார்கள். சற்று நேரத்தில் நினைவிழந்தான். பதற்றத்தில் யாரோ வாயில் தண்ணீரை ஊற்றினார்கள். 108 வாகனம் விரைந்து வந்ததால் பிள்ளை பிழைத்தான்.

மறுநாள் அவனுடைய வகுப்பாசிரியை மருத்துவமனைக்கு வந்தார். சண்டையிட வந்திருக்கிறார் என்றே எண்ணினோம். அவரோ கட்டிலருகே நின்று அழுதார். பிறகு தாயிடம், "அம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மேசைக்குள் சர்க்கரை வைத்திருப்பேனே" என்றார். தாய் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்களும்தான். அந்தச் சிறுவனுக்கு நாங்கள் கொடுத்த விடுவிப்புச் சுருக்கம் நான்கு பக்கம் நீண்டது. முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. காலை எத்தனை அலகு, இரவு எத்தனை அலகு என்றெல்லாம் அதில் உண்டு. காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை அவன் எங்கே இருப்பான், அங்கே அவனைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

பெற்றோர் ஏன் மறைத்தார்கள் என்று கேட்பது எளிது. அந்த அச்சம் வெறும் கற்பனையன்று என்பதை இப்பிரிவில் பணியாற்றும் எவரும் அறிவர். "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பன்று" என்று எழுதி வாங்கிய பள்ளிகளைப் பற்றி எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். "உடம்பு முழுவதும் சரியான பிறகு அழைத்து வாருங்கள்" என்ற சொல்லோடு வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. முழுவதும் சரியாகாத நோயுள்ள பிள்ளைக்கு அதன் பொருள், 'வராதே' என்பதுதான். பெண் குழந்தையானால், ஊரில் பேச்சுப் பரவும், நாளை திருமணப் பேச்சில் இது வந்து நிற்கும் என்ற கவலை வேறு சேர்ந்துகொள்கிறது.

சட்டம் இவ்விடத்தில் பெற்றோர் பக்கம் நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சேர்க்கப்பட்ட குழந்தையை எட்டாம் வகுப்பு முடியும் வரை பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. சிகிச்சைக்காகப் படிப்பை நிறுத்திய குழந்தை, தன் வயதுக்குரிய வகுப்பில் மீண்டும் சேரவும் அச்சட்டம் வழி செய்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் ஆகிய இரத்தக் கோளாறுகளும் அடங்கும். முதல் வகை நீரிழிவு அப்பட்டியலில் இல்லை. ஆயினும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-லேயே அந்நோயுள்ள மாணவர்கள் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் கொண்டு செல்ல அனுமதி அளித்தது. தேர்வு அறைக்குள் அனுமதி உண்டென்றால், அன்றாட வகுப்பறையில் பையிலிருந்து இரண்டு பிஸ்கோத்து எடுத்துத் தின்பதை ஒழுங்கு மீறல் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் சட்டப் பிரிவைச் சொல்லிக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்குள் நுழையும்படி நாங்கள் எந்தப் பெற்றோருக்கும் அறிவுரை கூறுவதில்லை. சட்டம் பிள்ளையைப் பள்ளிக்குள் வைத்திருக்கும். மரத்தடியில் உட்கார்ந்தவனின் வியர்வையைக் கவனிக்கும் கண்ணை அது தராது. அந்தக் கண் ஆசிரியருடையது. ஆகவே ஆசிரியரின் நிலையையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொடக்க வகுப்பில் முப்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் வகுத்த அளவு. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. வருகைப் பதிவு, இணையப் பதிவேற்றம், தேர்தல் பணி, கணக்கெடுப்பு எல்லாம் அவர் தலையில்தான். இவ்வளவுக்கும் நடுவில் நோயுள்ள ஒரு பிள்ளையை அவரிடம் ஒப்படைக்கிறோம். என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் கற்றுத் தருவதில்லை. ஏதேனும் நேர்ந்தால் மட்டும் முதற்கேள்வி அவரை நோக்கியே எழுகிறது. அவர் அஞ்சுவதைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியுமா? எங்கள் அனுபவத்தில், மறுத்த ஆசிரியர்களில் மிகப் பலர் மனமில்லாமல் மறுத்தவர்கள் அல்லர், தெரியாமையால் மறுத்தவர்கள்.

தெரிய வேண்டியதோ அவ்வளவு பெரிதும் அன்று. நீரிழிவுள்ள பிள்ளைக்குக் கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, காரணமில்லாச் சிடுசிடுப்பு, தடுமாற்றம் தோன்றினால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டும். கருவி இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் செய்து, கால் மணி நேரம் உடனிருந்து பார்த்து, தெளியாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். வலிப்பு நோய்க்கும் ஏறத்தாழ இதே எளிமைதான். கையில் சாவியோ இரும்போ திணிக்க வேண்டாம். பற்களுக்கிடையே கரண்டியை நுழைக்க வேண்டாம். சுற்றிலும் உள்ள பெஞ்சுகளை நகர்த்தி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவ உதவி கேட்க வேண்டும். ஒரு தேநீர் இடைவேளையில் கற்றுவிடக் கூடியவை இவை.

இவற்றினும் நுட்பமானது பள்ளியின் கால ஒழுங்கு. பகலில் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை குறித்த நேரத்திற்குள் சாப்பிட்டாக வேண்டும். சத்துணவு வரிசையின் கடைசியில் அவன் நின்றால், அல்லது விழா ஒத்திகை நீண்டு உணவு தள்ளிப்போனால், போட்ட ஊசியே ஆபத்தாக மாறும். அவனை வரிசையில் முதலில் நிறுத்துவதற்குப் பணம் வேண்டாம், ஆணையும் வேண்டாம். சத்துணவு அமைப்பாளருக்கு விவரம் தெரிந்தால் போதும். ஊசி போட்டுக்கொள்ள ஓரிடம் வேண்டும் என்பதும் அப்படியே. கழிப்பறைக்குள் ஒளிந்து நின்று ஊசி போட்டுக்கொண்டதாக ஒரு சிறுமி சொன்னபோது எங்களால் சற்று நேரம் பேச முடியவில்லை. ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலி அவளுக்குக் கிடைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

இரத்தப் புற்றுநோயிலிருந்து மீளும் குழந்தைகளின் கதை வேறு மாதிரி. அவர்களுடைய சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீள்கிறது. அதன் பிற்பகுதியில் மாத்திரைகளோடு பலர் பள்ளிக்குச் செல்ல இயலும். செல்லவும் வேண்டும். மருந்தால் முடி உதிர்ந்திருக்கும், முகம் உப்பியிருக்கும். பக்கத்துப் பிள்ளையின் வீட்டில், "அவளோடு சேர்ந்து சாப்பிடாதே, ஒட்டிக்கொள்ளும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். புற்றுநோய் ஒட்டாது. உண்மையில் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது: வகுப்பில் ஒருவருக்குச் சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அது இக்குழந்தையின் உயிருக்கே கேடாகலாம். அன்றே எங்களுக்குத் தெரிந்தால் தடுக்க வழியுண்டு. அம்மை கண்ட பிள்ளையின் வீட்டார் அதைப் பள்ளிக்குச் சொல்ல வேண்டும், பள்ளி இந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டும், தாய் எங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தச் சங்கிலியில் எவர் ஒருவர் வெட்கப்பட்டு வாய் மூடினாலும் முழுவதும் அறுந்துபோகும்.

ஒரு சிறுமி திரும்பி வருவதற்கு முந்தைய நாள், அவளுடைய ஆசிரியர் வகுப்பில் அவளைப் பற்றிப் பேசினார். பேசலாமா என்று அவளிடமே முதலில் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள். பெரியவர்களான நாமே பல நேரம் மறந்துவிடும் நாகரிகம் அது. அவள் பின்பு பரிசோதனைக்கு வந்தபோது ஒரே ஒரு குறை சொன்னாள்: "ஓடிப் பிடித்து விளையாடும்போது என்னை யாரும் அவுட் ஆக்கவே மாட்டேன் என்கிறார்கள்." ஒதுக்குவது ஒரு துன்பம், கூடுதலாகத் தாங்குவதும் துன்பமே என்பதை அவள்தான் எங்களுக்குச் சொன்னாள்.

இதுவரை மாணவரைப் பற்றியே பேசினோம். ஆசிரியர்களும் எங்கள் நோயாளிகள் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. குரல்வளைப் புண்ணோடு வருகிறார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப்பின் கை வீங்கி வருகிறார்கள். வாரம் இரண்டு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு வந்துவிட்டு மறுநாள் கரும்பலகை முன் நிற்கிறார்கள். பலரும் தம் நோயைத் தம் பள்ளியில் மறைக்கிறார்கள். "சொன்னால் வேலைக்கு ஆகாதவர் என்று முத்திரை குத்திவிடுவார்கள்" என்கிறார் ஒருவர். அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பிய ஆசிரியைக்கு இரண்டாம் மாடியிலேயே வகுப்பு ஒதுக்கப்பட்டதையும், கேட்கக் கூசி அவர் மூச்சு வாங்க ஏறி இறங்கியதையும் கேட்டிருக்கிறோம். தம் ஆசிரியருக்கே கீழ்த்தளத்தில் ஓர் அறையை மாற்றித் தர இயலாத பள்ளி, ஒரு பிள்ளைக்காக எதை மாற்றும்? பெரியவர்கள் நோயை மறைத்து நடமாடும் கட்டடத்தில், நோயைச் சொல்லும் துணிவு குழந்தைக்கு எங்கிருந்து வரும்? பள்ளியின் பரிவு இருவருக்கும் ஒன்றாகவே கிடைக்கும், அல்லது இருவருக்கும் கிடைக்காமற் போகும் என்பது எங்கள் துணிபு. இதைப் பேச ஓர் இடமும் இருக்கிறது. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. கழிப்பறைக் கதவையும் சுற்றுச்சுவரையும் பற்றிப் பேசும் கூட்டத்தில், உடல்நலம் குன்றியவர்க்குக் கீழ்த்தளத்தில் வகுப்பு என்பதையும் ஒரு பொருளாக வைக்கலாம்.

சொல்வதா, மறைப்பதா என்ற கேள்விக்கு எங்கள் கருத்தைத் தயங்காமல் கூறுகிறோம்: திடீரென உயிருக்கு ஆபத்து தரக்கூடிய நோயென்றால் சொல்லத்தான் வேண்டும். எல்லோரிடமும் அன்று. வகுப்பாசிரியர், தலைமை ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர், அங்கே உண்பவரென்றால் சத்துணவு அமைப்பாளர். இவ்வளவு பேர் போதும். நோயின் பெயரை விட, என்ன அறிகுறி, என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்ற மூன்றுமே முக்கியம். பிள்ளைக்குச் சொல்லும் வயதிருந்தால் அதையும் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். பொதுத்தேர்வு எழுதும் மாணவர்க்குக் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதுபவரோ தேவைப்படுமாயின், மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முதல் வாரம் எங்களிடம் ஓடி வருவதால் பயனில்லை.

எங்கள் பங்கிற்கு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். வீடு திரும்பும் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும், விடுவிப்புச் சுருக்கத்துடன் தமிழில் ஒரு பக்கக் கடிதம் தருகிறோம். அது வகுப்பாசிரியருக்கு எழுதப்பட்டது. மருத்துவச் சொற்கள் அதில் இல்லை. பிரிவின் தொலைபேசி எண் இருக்கிறது. ஆசிரியர் நேரில் வந்து கேட்க விரும்பினால் சனிக்கிழமை பிற்பகலில் செவிலியர் ஒருவர் அதற்கென்றே இருப்பார். முன்பே வீடு திரும்பியவர்களும் மறுபரிசோதனைக்கு வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கடிதத்தைப் பள்ளியில் கொடுப்பதா என்பது உங்கள் முடிவு.

அந்த நான்காம் வகுப்புச் சிறுவனின் ஆசிரியைதான் முதல் சனிக்கிழமை வந்தவர். தம் பள்ளியிலிருந்து மேலும் இரண்டு ஆசிரியர்களையும் உடற்கல்வி ஆசிரியரையும் அழைத்து வந்திருந்தார். குளுக்கோமீட்டரில் முதலில் தம் விரலைத்தான் குத்திப் பார்த்தார். அவருக்கே சர்க்கரை கூடுதலாக இருந்தது. இப்போது மாதம் ஒருமுறை இருவரும் ஒரே நாளில் பரிசோதனைக்கு வருகிறார்கள்.