கலபாரின் ஏடும் உயோவின் நாவும்

நைஜீரியாவின் தென்கிழக்குக் கோடியில், கிராஸ் ஆறு கடலில் கலக்கும் பகுதியில், ஒரு வயிற்றுப் பிள்ளைகளைப் போலச் சில மொழிகள் இருக்கின்றன. கலபாரில் எஃபிக். உயோவைச் சுற்றி இபிபியோ. இகோட் எக்பெனே, அபாக் பக்கம் அனாங். கடலோரமாகப் போனால் ஓரோன், எக்கெட், ஒபோலோ. எண்ணச் சொன்னாலே உறவு தெரிந்துவிடும். ஒன்றுக்கு எஃபிக்காரர் ‘கியெட்’ என்பார். இபிபியோக்காரர் ‘கேட்’ என்பார். இரண்டும் மூன்றும் இருவருக்கும் ‘இபா’, ‘இட்டா’. ஐந்து ‘இதியோன்’. ஆறுக்கு இருவருமே ஐந்தோடு ஒன்றைச் சேர்க்கிறார்கள்: அங்கே ‘இதியோகியெட்’, இங்கே ‘இதியோகேட்’. பள்ளிக்கூடம் இரண்டு வீட்டிலும் ‘உஃபோக் ங்வெத்’. புத்தக வீடு என்று பொருள்.

இவ்வளவு நெருக்கம் இருந்தும், எது மொழி, எது அதன் கிளைவழக்கு என்ற சச்சரவு தலைமுறைகளாகத் தொடர்கிறது. காரணம் இலக்கணத்தில் இல்லை, துறைமுகத்தில் இருக்கிறது. கப்பல்கள் வந்து நின்றது கலபாரில். 1846இல் ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் மிஷனரிகள் இறங்கியதும் அங்கேதான். ஹியூ கோல்டி மொழிபெயர்த்த எஃபிக் புதிய ஏற்பாடு 1862இலும், அலெக்சாண்டர் ராபின் பழைய ஏற்பாடு 1868இலும் வந்தன. எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய இபிபியோ மக்கள் வேதத்தையும் பாடத்தையும் அண்டை வீட்டு மொழியிலேயே படித்தார்கள். அந்த மண்ணின் மொழியியலாளர் ஓகோன் எஸ்ஸியன் எழுதிய இபிபியோ இலக்கணம் வெளிவந்தது 1990இல்.

தங்கள் பேச்சுக்குத் தங்கள் எழுத்துமுறை வேண்டும் என்று இபிபியோ மக்கள் கேட்டது முழு நியாயம். அதை எஃபிக்குக்கு எதிரான கலகமாகப் பார்த்தவர்கள் தவறு செய்தார்கள். சுற்றுவட்டாரம் முழுக்கப் பொதுமொழியாக ஓடிய தங்கள் மொழி சுருங்கிவருவதைக் காணும் எஃபிக் பெரியவர்களின் மனவேதனையும் பொய்யல்ல. ஆனால் இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, கலபாரிலும் உயோவிலும் நகரத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே ஆங்கிலத்துக்கும் பிட்ஜினுக்கும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளும் தாய்மொழியில் கற்பிக்க 2022இல் ஒப்புதல் தந்த மத்திய அரசு, 2025 நவம்பரில் அதைக் கைவிட்டு ஆங்கிலத்துக்கே திரும்பிவிட்டது. இனி தலைநகர் அபுஜாவை எதிர்பார்த்துப் பயனில்லை. பொறுப்பு மாநிலங்களின், திருச்சபைகளின், குடும்பங்களின் தோளில் இறங்கியிருக்கிறது.

இந்த மக்களுக்குச் சேர்ந்து சுமப்பது புதிதல்ல. 1928இல் தோன்றிய இபிபியோ ஸ்டேட் யூனியன், ஊர் ஊராகப் பணம் திரட்டி, 1938இல் 6 இளைஞர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. எந்த அரசும் அதைச் செய்து கொடுக்கவில்லை. எண்ணிக்கையில் சிறியவர்களான ஒபோலோ மக்களோ 2014இல் முழு வேதாகமத்தையும் தங்கள் மொழியிலேயே கையில் எடுத்தார்கள். சிறிய மொழியால் முடியாது என்று சொல்வோர் அவர்களைப் போய்ப் பார்க்கட்டும்.

வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு ஒரு சொல் போதும். எஃபிக்கில் ‘அக்பா’ என்பது ஒரு தொனியில் நதி. தொனி மாறினால் ‘முதலாவது’. அச்சில் பெரும்பாலும் தொனிக்குறி இருப்பதில்லை. கைபேசியில் அடிக்கும்போது எழுத்தின் அடிப்புள்ளியும் மேல்கோடும்கூட விழுந்துவிடுகின்றன. வீட்டில் கேட்டுப் பழகாத குழந்தை அந்தச் சொல்லைப் படிக்க வழியே இல்லை. இதில் எஃபிக் பிரச்சினை, இபிபியோ பிரச்சினை என்று தனித்தனியாக எதுவும் கிடையாது. கலபார் சபைகளிடம் நூற்றைம்பது ஆண்டு அச்சுச் செல்வம் இருக்கிறது: பாட்டுப் புத்தகம், அகராதி, பாலபாடம். உயோ பல்கலைக்கழகத்தில் இபிபியோவின் ஒலியையும் தொனியையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த அறிஞர்கள் இருக்கிறார்கள். ஏடு ஒரு பக்கம், பேசும் நாக்குகள் மறுபக்கம். இரண்டும் சேராமல் ஒரு நல்ல பாடநூல்கூட வராது.

கலபார் இருக்கும் கிராஸ் ரிவர், உயோ இருக்கும் அக்வா இபோம் இரு மாநில அரசுகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஓரோனுக்கும் எக்கெட்டுக்கும் அங்கே நாற்காலி இருக்க வேண்டும், விருந்தாளிகளாக அல்ல, உரிமைக்காரர்களாக. விசைப்பலகை ஒன்றாக இருக்கட்டும். பாடநூல் அவரவர் மொழியில் வரட்டும். சபைகள் பழைய நூல்களைப் பள்ளிகளுக்குத் திறந்துவிடட்டும். பெற்றோர் எந்த ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவு சோறு ஊட்டும்போதே பிள்ளையோடு எண்ணத் தொடங்குங்கள்: கியெட் என்றோ கேட் என்றோ, உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே.