கரண்ட் அடிச்சா கேஸ் பெட்ரோல் ஆகுமா? ஆகும். ஆனா யாரோட கரண்ட்?



ஒரு வாரமா எல்லார் போன்லயும் ஒரு செய்தி சுத்துது. நம்ம ஆட்களே பகிர்றாங்க. இயற்கை எரிவாயு மேல எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினா அது பெட்ரோலா மாறிடுமாம். எண்ணெய்க் கம்பெனிக்காரன் இதை மூடி மறைக்கிறானாம். கடைசியில ஒரு வால்: இந்த மெஷினைக் கிணத்தடியில வச்சா போதும், இனிமே டெல்டாவுல எரிவாயுக் கிணறு வேணாம்னு சொல்றவன் எல்லாம் முன்னேற்றத்துக்கு எதிரியாம்.

அந்த வாலுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இது 1996-இல் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த மூலிகை பெட்ரோல் கதை மாதிரி இல்லை. எலக்ட்ரான் கற்றை உண்மையான தொழில்நுட்பம். ஒயர் மேலுறையை உறுதியாக்கவும், ஆஸ்பத்திரிப் பொருள்களில் கிருமி நீக்கவும் நம் நாட்டிலேயே பயன்படுகிறது. சுவிட்சை அணைத்தால் கதிர்வீச்சும் நின்றுவிடும். பக்கத்தில் கல்பாக்கம் இருப்பதால் கதிர்வீச்சு என்றாலே நெஞ்சு படபடக்கும், தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் பயமுறுத்தி வாக்கு வாங்க நமக்கு ஆசையில்லை. ரஷ்ய விஞ்ஞானிகள் வாயுக்களை இப்படித் திரவமாக்கிக் காட்டியும் இருக்கிறார்கள். யாரும் எதையும் மூடி மறைக்கவில்லை.

இடிப்பது கணக்குதான்.

இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். அது லேசில் உடையாத மூலக்கூறு. கற்றையிலிருந்து 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைச் செலவழித்தால் சுமார் 7 மீத்தேன் மூலக்கூறுகள்தான் மாறும். இதைக் கிலோ கணக்குக்குக் கொண்டு வாங்க. ஒரு கிலோ மீத்தேனை மாற்ற, கற்றைக்கு மட்டுமே ஏறத்தாழ 24 யூனிட் வேண்டும். அதே ஒரு கிலோவைச் சும்மா அடுப்பில் எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 14 யூனிட்.

24 கொடுத்து 14 வாங்குறோம். இதுக்குப் பேரு முன்னேற்றமா?

அந்த 24 யூனிட் எங்கிருந்து வரும்? டெல்டா எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் குத்தாலத்திலும் திருமக்கோட்டையிலும் ஏற்கெனவே இருக்கின்றன. நல்ல நிலையத்திலேயே வெப்பத்தில் பாதிதான் மின்சாரமாகும். அதாவது ஒரு கிலோ கேஸைக் கற்றையால் மாற்ற மூணு கிலோவுக்கு மேல கேஸை எரிக்கணும். மாறி வருவதும் முழுக்கப் பெட்ரோல் இல்லை. பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஈத்தேனும். இரண்டுமே வாயு! பங்க்ல ஊத்துற மாதிரி கிடைக்கிறது கொஞ்சம்தான்.

புரொப்பேன், பியூட்டேன் போன்ற கனமான வாயுக்களில் பலன் கொஞ்சம் கூடும். கெட்டியான கச்சா எண்ணெயைச் சூடாக்கிக் கற்றை பாய்ச்சும்போது ஒரு முறை உடைவது தொடராக ஓடுவதால் கணக்கே வேறு. அந்த ஆராய்ச்சி நடக்கட்டும், கல்பாக்கத்தில் செய்தாலும் வரவேற்போம். கேஸை எண்ணெயாக்கும் பெரிய ஆலைகள் உலகத்தில் இல்லாமலும் இல்லை. கத்தாரில் ஷெல் நடத்தும் பேர்ல் ஆலை ஒரு நாளைக்கு 1,40,000 பீப்பாய் எடுக்கிறது. அதற்கு எலக்ட்ரான் கற்றை கிடையாது. 1920-களில் ஜெர்மனியில் கண்ட வினையூக்கி முறைதான். செலவு 1,800 கோடி டாலர். காலடியிலேயே மலிவான கேஸ் கொட்டிக்கிடக்கும் கத்தாருக்கு அது கட்டும். நாமோ தேவையில் பாதியைக் கப்பலில் வாங்கி எண்ணூரிலும் மற்ற துறைமுகங்களிலும் இறக்குகிறோம்.

நெம்மேலிக்காரங்களுக்கு இதையெல்லாம் நாம சொல்லித் தரணுமா என்ன? கடல்தண்ணியைக் குடிதண்ணி ஆக்குற அதிசயத்தை அவங்க வீட்டு வாசல்லயே பார்த்தாச்சு. 2013-இல் நாளைக்கு 10 கோடி லிட்டர் ஆலை. 2024-இல் இன்னொரு 15 கோடி லிட்டர். பக்கத்துப் பேரூரில் 40 கோடி லிட்டருக்கு வேலை. ஆயிரம் லிட்டருக்கு மூணு நாலு யூனிட் மின்சாரம் போகிறது. சென்னைக்குக் குடிக்க வேறு வழி குறைவு, அதனால் அந்தச் செலவை ஏற்கிறோம். ஆனால் கரை அரிக்குது, உப்புக்கழிவு கடலுக்குள்ள விடறாங்க என்று சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் எத்தனை வருஷமாகச் சொல்கிறார்கள்? தண்ணீர் நகரத்துக்குப் போச்சு, மண் கடலுக்குப் போச்சு. அந்த அனுபவம் கற்றுத்தந்த கேள்வி ஒன்று உண்டு: எவ்வளவு கரண்ட், யாருக்குப் பலன், யார் இடத்தில்?

அதே கேள்வியை இந்த வீடியோக்காரரிடமும் கேளுங்க.

நெடுவாசலில் 2017-இல் மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்ததால்தான், 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அங்கே புதிய ஹைட்ரோகார்பன் கிணறு கூடாது என்கிறது அந்தச் சட்டம். அதைத் தளர்த்த நினைக்கிறவங்களுக்கு "புது டெக்னாலஜி வந்தாச்சு" என்ற வார்த்தை ரொம்ப வசதி. அந்த வார்த்தையை நம்ம கையாலேயே பரப்பிக் கொடுக்கலாமா?

இன்னொரு கொடுமையும் இருக்கு. ஃபைபர் படகு இறக்குற அண்ணனுக்கு டீசலோ மண்ணெண்ணெயோ இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. பிடிபட்ட மீனில் பாதி எண்ணெய்க்கே போகிற நாளும் உண்டு. அவர்கிட்ட போய் "சீக்கிரம் கேஸ்லேருந்து எண்ணெய் வரப்போகுது"ன்னு சொல்றது பசிச்சவனுக்குப் படத்துல சோறு காட்டுற வேலை. அவருக்குத் தேவை மானிய எண்ணெய் முழு அளவில், மீன்பிடிக் காலம் முழுக்க, அலையவிடாமல் கிடைப்பது. கேஸை மாற்றாமல் அப்படியே பயன்படுத்த பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் சிஎன்ஜி இருக்கிறது. அதில் கற்றையும் வேண்டாம், கத்தாரும் வேண்டாம்.

அந்த வீடியோ உங்க குரூப்புக்கு வந்தா, அனுப்பினவரைத் திட்டாதீங்க. 24 யூனிட், 14 யூனிட் கணக்கை மட்டும் கீழே போடுங்க. பதில் வந்தா இங்கே கமெண்ட்ல ஒட்டுங்க, பார்ப்போம்.

#நெம்மேலி #கணக்கைக்காட்டு #டெல்டாவைக்காப்போம்